அரைப்பேர்

சனிக்கிழமை பஸ்ஸில்
நோர்வூட்டில் ஏறுகிறவர்கள் என் விரல்களைப் பார்ப்பார்கள்.
கொழுந்துக் கறை. தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் போகாது.
கீபோர்டுக்குக் கறை தெரியாது, அதுவரைக்கும் நல்லது.

கீபோர்டில் எஃப் இல்லை.
சீட்டுக் காசில் வாங்கிய பழைய லெப்டொப்.
விற்றவன் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.
எதை எடுப்பது என்று எழுதினால் மட்டும் போதாதாம்,
எங்கிருந்து என்றும் சொல்ல வேண்டுமாம்.
அந்த எங்கிருந்து
எஃப்பில் தொடங்குகிறது.
ஒவ்வொரு தடவையும் பேனா மூடியால்
அந்தக் குழியைக் குத்துகிறேன்.

ஹட்டனில் பேக்கரிக்கு மேல்மாடி வகுப்பு.
மாலுபாண் வாசனைக்குள் பதினொரு பேர்.
படிப்பிக்கும் ரிஸ்மியா என்னைவிட நாலு வயது இளையவள்.
பிழை விட்டால் "ஐயோ அக்கா" என்பாள்,
சரியாக எழுதினால் ஒன்றும் சொல்ல மாட்டாள்.
மூன்றாம் கிழமை போர்டில் எழுதினாள்: நல்.
நல்லது என்பதில் வருகிற நல் அல்ல,
ஒன்றும் நிரப்பாத கட்டம்.
பூச்சியமா, என்றேன்.
"இல்லை அக்கா. பூச்சியம் என்றால்
யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.
நல் என்றால் எண்ணவே இல்லை."

அன்று ராத்திரி பயிற்சிக்கு
என் கொழுந்துத் துண்டுகளையே அடுக்கினேன்.
திகதி, மலை நம்பர், கிலோ, பேர்.
மழை ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு இரண்டு
கழித்த கணக்கு எந்தத் துண்டிலும் இல்லை.
அந்த நிரல் முழுக்க நல்.
பேர் என்றால் இங்கே பேர் இல்லை, ஒருநாள் கூலி.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
முழு எண் மட்டும் என்று நான் போட்டிருந்ததால்
மெஷின் ஒவ்வொரு அரையையும் ஒன்றாக்கிவிட்டது.
ஏழு அரைப்பேர்
ஏழு முழுப்பேராகி வரிசையில் நின்றன.
பக்கத்துக் காம்பரா சுபத்திரா எட்டிப் பார்த்து
"இதை அப்படியே ஒபிஸுக்கு அனுப்பேன்" என்றாள்.
இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தோம், பிள்ளைகள் தூக்கம்.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன்.
பிறகு திருத்தினேன்.

சோதனைக்குப் பதியும் படிவத்தில்
வீட்டு இலக்கம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
பணிய லயம், தொங்கல் காம்பரா என்று எழுதினால்
இலக்கம் எங்கே என்கிறது.
எங்கள் கடிதம் தோட்டத்து ஒபிஸுக்கு வரும்,
யாராவது எடுத்துவந்தால் எங்களுக்கும் வரும்.
பூச்சியம் என்று போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

நேர்முகம் புதன்கிழமை, பத்தரை மணி.
சிக்னல் ஏழாம் நம்பர் மலையில், பாறைக்கு மேல் மட்டும்.
கமெராவுக்குத் தோளுக்கு மேலேதான் நான்,
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.
கீழே கெண்டைக்காலில் அட்டை ஏறிக்கொண்டிருந்தது.
அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்றார் கொழும்பிலிருந்து.
காட்டினேன், ஒரு அட்டையை மட்டும்.

வாடிக்கையாளர் முகவரிக்கு ஓர் அட்டவணை அமையுங்கள்.
எந்தக் கட்டம் கட்டாயம்?
எல்லாம் சொல்லி முடித்து,
வீட்டு இலக்கம் கட்டாயமில்லை என்றேன்.
ஏன்?
சொல்லத் தொடங்கினேன்,
பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்தது.
அவர் முகம் சதுரம் சதுரமாகி
வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது.
நான் பேசிக்கொண்டே இருந்தேன், நின்றுபோன முகத்துக்கு.

அட்டையைப் பிடுங்கினேன். ரத்தம் நிற்கவில்லை.
கீழே கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிறார்கள்.
பிந்தினால் இன்றைக்கும் அரைதான்.
லெப்டொப்பைப் படங்குச் சாக்கில் சுற்றிக்கொண்டு
நான்காவது வரிசைவரை இறங்கியிருப்பேன்,
ஃபோன் அதிர்ந்தது:
நீங்கள் சொன்னதில் பாதிதான் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் பாறையைக் காணோம்,
முழுக்கப் பனி.
கால் வைத்த தடம் மட்டும் தெரிகிறது,
ஏறுகிறேன்.